அப்ரோப்ரியேஷன்: ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சமூகத்தின் கலை, வடிவம், வழக்கம் போன்றவற்றை அதிகாரம் உள்ள இன்னொரு தரப்பு எடுத்துத் தனதாக்கிக்கொள்வதைக் கல்ச்சுரல் அப்ரோப்ரியேஷன் என்கிறார்கள். இதற்குத் தமிழில் பண்பாட்டு அபகரிப்பு, பண்பாட்டுக் கையகப்படுத்தல், பண்பாட்டுக் களவு என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஓவியர்கள், சிற்பிகள் பேசும் அப்ரோப்ரியேஷன், அதாவது ஏற்கெனவே இருக்கும் பொருளையோ படத்தையோ எடுத்துத் தன் படைப்பாக்கும் உத்தி, அதற்கும் இவற்றில் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. பிரெட் வில்சனின் கண்காட்சிகளைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

வில்சன் நியூயார்க்கில் பிறந்த கருத்துருக் கலைஞர், அதாவது செய்நேர்த்தியைவிடக் கருத்தை முதன்மையாக வைப்பவர். 1992இல் பால்டிமோரில், மேரிலாந்து வரலாற்றுச் சங்கம் சேர்த்துவைத்திருந்த பொருள்களைக் கொண்டே ஒரு கண்காட்சி அமைத்தார். ஒரு கண்ணாடிப் பெட்டியில் 'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்று சீட்டு. உள்ளே பூவேலை செய்த வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். அவற்றின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. பெட்டிக்குள் இருந்த எதுவும் அவர் செய்ததல்ல, அடுக்கிய விதம் மட்டுமே அவருடையது. கலையுலகம் இதையும் அப்ரோப்ரியேஷன் என்றுதான் சொல்லும். இதைப் போய் அபகரிப்பு என்று எழுத எனக்குக் கை வராது. எதைக் காட்டுவது, எதைக் கிடங்கில் வைத்துப் பூட்டுவது என்ற அதிகாரம் அதுவரை சங்கத்திடம்தான் இருந்தது; வில்சன் எடுத்தது அதிகாரம் உள்ளவரிடமிருந்து.

இதற்கு முந்தைய ஆண்டு அவர் செய்த இன்னொரு படைப்பைப் பாருங்கள். பிக்காசோ 1907இல் வரைந்த 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்தின் பெரிய நகல் ஒன்று. அதில் ஒரு பெண்ணின் முகத்தில் ஆப்பிரிக்க முகமூடியைப் பொருத்திவிட்டார். முகமூடியின் கண் துளை வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே காணொளி ஓடும். அதில் வருகிறவர்கள் பார்ப்பவரையே கேள்வி கேட்பார்கள். பிக்காசோ தன் ஓவியத்தில் கையாண்ட ஆப்பிரிக்க முக வடிவங்களைக் கண்டது பாரிசின் திரொக்காதெரோ அருங்காட்சியகத்தில். அங்கிருந்த முகமூடிகளைச் செதுக்கியவர் பெயர் நமக்குத் தெரியாது, வரைந்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும்.

வில்சன் செய்ததற்கு அல்ல, அவர் சுட்டிக்காட்டும் இந்த நிலைக்கு அபகரிப்பு சரியாகப் பொருந்துகிறது. 'பறிகொடுத்தவரிடம் பொருள் அப்படியே இருக்கிறதே, பிறகெப்படி அபகரிப்பு?' என்று கேட்கப்பட்டது. வடிவம் இருக்கிறது, உண்மைதான். போனது பெயரும், அதைப் பற்றிப் பேசும் உரிமையும். நில அபகரிப்பிலும் மண் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பட்டாதானே மாறுகிறது!

களவு என்றால் மறைவாகச் செய்வது, இது பட்டப்பகலில் பாராட்டோடு நடப்பது. கையகப்படுத்தல் என்றால் அரசாணையும் இழப்பீடும் நினைவுக்கு வருகின்றன. கவர்தல் நல்ல பழஞ்சொல், ஆநிரை கவர்ந்த காலத்திலிருந்து வருவது. ஆனால் இன்று பண்பாட்டுக் கவர்வு என்று எழுதினால் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கும்.

ஆகவே கலைஞரின் உத்திக்கு எடுத்தாள்கை, அதிகாரம் உள்ளவர் செய்வதற்குப் பண்பாட்டு அபகரிப்பு என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. வினையாக்கினாலும் இடறவில்லை: வில்சன் சங்கத்தின் பொருள்களை எடுத்தாண்டார், ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் ஆப்பிரிக்கக் கலையை அபகரித்தன. இரண்டில் எது என்று தெளிவாகாத கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது மட்டும் சிக்கல் வரும். அப்படிப்பட்ட வாக்கியம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அதில் போட்டுப் பார்ப்போம்.