புதைந்த குழாயையும் கேபிளையும் கம்பி பிடித்துக் கண்டுபிடிக்க இயலுமா?

கேள்வி:
வளாகத்தில் பள்ளம் தோண்ட வேண்டியுள்ளது. பழைய தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம் எதுவும் இல்லை. வேலைக்கு வந்த பெரியவர் எல் வடிவில் வளைத்த இரண்டு கம்பிகளைப் பிடித்தபடி நடந்தார். ஓரிடத்தில் அவை குறுக்காகத் திரும்பின, அங்கே தோண்டியபோது குழாய் இருந்தது. பின்னர் நான் பிடித்து நடந்தபோதும் அதே இடத்தில் திரும்பின. கேபிளையும் இப்படியே குறிக்கலாமா?

மறுமொழி 1:
கம்பி திரும்பியது உண்மை; திருப்பியது உங்கள் மணிக்கட்டு. கைப்பிடி செங்குத்திலிருந்து இம்மியளவு சாய்ந்தாலே நீண்ட முனை தாழ்வான பக்கம் சுழன்றுவிடும், அந்தச் சாய்வைப் பிடித்திருப்பவர் உணரவே மாட்டார். எதிர்பார்ப்பினால் தசை தானாக அசையும் இவ்விளைவுக்கு ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் 1852ஆம் ஆண்டிலேயே பெயரிட்டார். நீங்கள் நடந்தபோது குழாய் இருக்குமிடம் உங்களுக்குத் தெரியும் அல்லவா? பெரியவரும் மீட்டரையும் வால்வு மூடியையும், பழைய பள்ளத்தை மூடிய இடத்தில் மண் சற்றே அமுங்கிக் கிடப்பதையும் பார்த்துக்கொண்டுதான் நடந்திருப்பார். அவருடைய அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்கான பெருமையைக் கம்பிக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

மறுமொழி 2:
அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியுமா? பிரிட்டனின் தண்ணீர் நிறுவனங்கள் பலவற்றில் பணியாளர்கள் அப்போதும் இம்முறையைக் கையாள்வதாக 2017இல் அந்நிறுவனங்களே ஒப்புக்கொண்டன.

மறுமொழி 1:
கையாள்கிறார்கள் என்பது பலிக்கிறது என்பதற்குச் சான்றாகாது. 1990இல் ஜெர்மனியின் காசெல் நகரில் 50 செ.மீ. ஆழத்தில் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, அதில் நீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுமாறு, இம்முறையில் தேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட சுமார் 30 பேரிடம் கேட்டார்கள். குழாய் இருக்கும் இடம் தரையில் குறிக்கப்பட்டிருந்தது. சோதனை நியாயமானது என்று அவர்களும் முன்கூட்டியே ஏற்றிருந்தனர். முடிவு, நாணயம் சுண்டிப் பார்த்ததைவிட மேலாக இல்லை.

மறுமொழி 3:
கேபிள் விஷயத்தில் தவறினால் உயிர் போகும், ஆகவே புதைந்த கேபிளின் மின்காந்தப் புலத்தை உணரும் லொக்கேட்டர் கருவியை வாடகைக்கு எடுங்கள். அதை வெறுமனே பிடித்து நடப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: மின்னழுத்தம் இருந்தும் மின்னோட்டம் இல்லாத கேபிள் அந்த நிலையில் அகப்படாமல் போகலாம். டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு கேபிளில் 33 கிலோஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்ணுள்ள சமிக்ஞையைச் செலுத்தித் தடம் பிடிப்பதே நம்பகமானது. பிளாஸ்டிக் குழாய் இக்கருவிக்குத் தெரியாது. தரையூடுருவும் ரேடார் காட்டக்கூடும், ஆனால் ஈரக் களிமண்ணில் அதுவும் திணறும். குறியிட்ட பின்னரும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காப்பிட்ட பிடியுள்ள மண்வெட்டியால் கையாலேயே மெல்லத் தோண்டுங்கள். கடப்பாரையைக் குத்த வேண்டாம்.

கேட்டவர்:
இன்று கண்ணைக் கட்டிக்கொண்டு, தம்பி என் தோளைப் பிடித்து வழிநடத்த, குழாயின் மேலாக நான்கு முறை கடந்தேன். கம்பிகள் நான்கு வெவ்வேறு இடங்களில் திரும்பின. ஒன்றுகூடக் குழாயின் மேல் இல்லை. லொக்கேட்டருக்குச் சொல்லியாயிற்று.