படிகாரக் கட்டியும் நானும்

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சலூன்களில் பாடம் நடத்தப் போய், பாதிப் பாடத்தை அங்கே கற்றுத் திரும்பியவன்.

முதல் கடையில் கடைக்காரர் என் கண்முன்னே உறையைப் பிரித்து, பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் மாட்டினார். "ஆளுக்கொரு பிளேடு சார், 30 வருடமாக." எய்ட்ஸ் பயம் கொடுத்த நல்ல பழக்கம். சவரம் முடிந்தபோது என் தாடையில் ஒரு துளி ரத்தம். படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தார். எரிந்தது, நின்றது. அதே கட்டி அடுத்தவர் கன்னத்துக்குப் போனது. தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. எத்தனை கன்னங்களோ!

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் தாங்கும் என்றேன். கட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிளேடு மாறினாலும் அதைக் கவ்வும் பிடி மாறுவதில்லையே, அதை பிளீச்சிங் கரைசலில் 10 நிமிடம் ஊறப் போடுங்கள் என்றேன். "துருப்பிடித்தால் நீங்கள் வாங்கித் தருவீர்களா?" நியாயம்தான். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் சும்மா கிடக்கும் இரும்பே துருவேறும். இரண்டு பிடி வைத்து ஒன்று ஊறும்போது மற்றதில் வேலை செய்வது, ஊறியதைக் கழுவித் துடைத்து வைப்பது, படிகாரத்தைப் பொடித்து ஆளுக்கொரு பஞ்சில் தொட்டு வைப்பது எல்லாம் அவர் கண்ட வழி.

அடுத்த வாரம் போனபோது வாடிக்கையாளருக்கு அவரே விளக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் கத்தி இருக்கையில் யார் மறுத்துப் பேசுவார்கள்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்:
நான் சலூன் கடை நடத்துகிறேன். ஒருமுறை கலக்கிய கரைசலை வாரம் முழுக்க வைத்திருந்தேன். வீரியம் போய்விடும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பழைய பிளேடுகளைக் குப்பையோடு போட்டதில், அள்ள வந்த அக்காவின் விரல் கிழிந்தது. அன்று முதல் மூடியில் பிளவு போட்ட தகர டப்பா. நம் விரலும் அடிக்கடி அறுபடுவதால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணையும் போட்டுக்கொண்டேன்.

குளச்சலிலிருந்து இன்னொரு வாசகர்:
மகனுக்குப் பிடரியில் படர்தாமரை வந்தபின் வீட்டிலிருந்தே துண்டு கொண்டுபோகிறேன். "என் கடைத் துண்டுக்கு என்ன குறை, அண்ணாச்சி?" என்று கடைக்காரத் தம்பி இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன ஞாயிறு பார்த்தேன், கடை வாசல் கொடியில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.