கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிள்ளைகளோடு என்னென்ன செய்யலாம்? யோசனை சொல்லுங்கள்

நெல்லைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து இந்த ஜூனில்தான் கோயம்புத்தூருக்கு வந்தோம். ஊரில் டிசம்பர் பிறந்துவிட்டால் யாரும் எதையும் திட்டம் போட வேண்டியதில்லை, சேகரத்தில் (எங்கள் வட்டாரத் திருச்சபையில்) வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்குத் தேதி சொல்லிவிடுவார்கள், அம்மா வீட்டில் மாவு திரிக்கக் கொடுத்துவிடுவார்கள், மாடியில் ஸ்டார் கட்ட அண்ணன் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், நாம் கூடப் போய் நின்றால் போதும். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் மாடியில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள். அக்கம்பக்கம் ரொம்ப நல்ல மாதிரி, தீபாவளிக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மகனுக்கு 13 வயது, மகளுக்கு 8. புது டிரஸ், ஆர்டர் கொடுத்த கேக், கடையில் வாங்கிய மரம் என்று இந்தப் பண்டிகை அவர்களுக்கு முடிந்துபோகக் கூடாது. 25ஆம் தேதிக்கு முன்னால் பிள்ளைகள் தங்கள் கையால் செய்கிற மாதிரியும், யாருக்காவது உண்மையிலேயே உதவுகிற மாதிரியும் என்ன செய்யலாம்? ஏதாவது குழந்தைகள் இல்லத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், பெரிய செலவு இல்லாமல் இருந்தால் நல்லது.

நாஞ்சில்_அத்தை:

பலகாரத்திலிருந்தே ஆரம்பிம்மா. அதில்தான் பிள்ளைகளுக்குக் கை நிறைய வேலை இருக்கிறது. எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்து இல்லாமல் கிடையாது. சிறுபயறை வாசம் வர வறுத்து, உடைத்துத் தோலைப் புடைத்துவிட்டு, ரொம்ப நைசாக இல்லாமல் திரித்துக்கொள். வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு எல்லாம் சேர்த்து வெல்லப்பாகை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும், ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும். உருட்டுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடு. அப்புறம் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் கரைத்து, மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் போடுவது உன் வேலை. பாகு பதமாக இருந்தால் பத்து நாளுக்கு மேலேயே தாங்கும், அதனால் 18, 19 வாக்கிலேயே சுட்டு வைத்துவிடலாம்.

சின்னவளுக்குக் கல்கல் என்கிற சின்னச் சின்ன இனிப்புப் பலகாரம் செய்ய ரொம்பப் பிடிக்கும். புதுச் சீப்பிலோ முள்கரண்டியின் முதுகிலோ மாவை அழுத்திச் சுருட்டினால் வரி வரியாக விழும், அரை நாள் ஓடிவிடும். அச்சு முறுக்கு சுடுகிறதாக இருந்தால் அச்சை முந்தின ராத்திரியே எண்ணெயில் போட்டு வை. மறுநாள் கொதிக்கிற எண்ணெயில் அச்சு நன்றாகச் சூடேறிய பிறகு மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கு, மேலே மாவு ஏறிவிட்டால் அச்சை விட்டுக் கழன்று வராது.

ஒன்று கவனம். உங்கள் மாடியில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். முந்திரிக்கொத்தில் முட்டை கிடையாது, தைரியமாகக் கொடுக்கலாம். கல்கல்லிலும் அச்சு முறுக்கிலும் நம் வீடுகளில் முட்டை சேர்ப்பது வழக்கம், அவர்களுக்கென்று முட்டை போடாமல் ஒரு ஈடு தனியாகச் சுட்டுத் தனி டப்பாவில் வைத்து, பிள்ளைகளையே சொல்லிக் கொடுக்கச் சொல்லு. தீபாவளிக்குத் தட்டு கொடுத்த வீடுகளுக்கு அந்தத் தட்டிலேயே நிறைத்து அனுப்பு.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடமாட்டார்கள், ஸ்டார் போடமாட்டார்கள். எங்கள் பக்கம் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். புது ஊரில் உனக்குத் தெரியாது, ஆனால் சபையில் கேட்டால் சொல்லுவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ, வாசலில் நின்று டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதே, உள்ளே போய் உட்காரு, போனவரைப் பற்றி அவர்கள் பேசினால் பேசவிடு. பண்டிகை நாளில் எல்லாரும் அந்தப் பேச்சை எடுக்கத் தயங்குவார்கள், அவர்களுக்கோ அந்த நாட்களில் வேறு நினைப்பே இருக்காது.

முத்துநகர்க்காரன்:

அத்தை சொன்னது அப்படியே எங்கள் தூத்துக்குடிக்கும் பொருந்தும்.

நான் குடில் பற்றி, அதாவது இயேசு பிறந்த தொழுவத்தை வீட்டில் சின்னதாகச் செய்து வைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். 1223ல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்ததிலிருந்து வருகிற பழக்கம் இது, அன்றைக்குத் தீவனத் தொட்டியும் வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும்தான் இருந்தன. அதனால் ரெடிமேட் குடில் வாங்க வேண்டாம். பழைய அட்டைப்பெட்டி, தேங்காய் நார், சாக்கு, ஆற்றுமணல் போதும், பையன் தாராளமாகக் கட்டிவிடுவான். 14, 15ஆம் தேதி வாக்கில் சின்னத் தட்டுகளில் மண் போட்டுக் கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்துவந்தால் 24க்குள் பச்சைப்பசேல் என்று வளர்ந்து நிற்கும், அதைக் குடிலைச் சுற்றி வைத்துவிடலாம், பிளாஸ்டிக் புல் தேவையே இல்லை. சீரியல் லைட்டை மட்டும் வைக்கோலில் படாமல் வெளிப்பக்கமாகக் கட்டச் சொல்லுங்கள், தூங்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

குழந்தை இயேசுவின் சொரூபத்தை 24 இரவுதான் வைப்போம், அதுவரை தொட்டி காலியாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலம் முழுக்க யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்தால் அந்தத் தொட்டியில் ஒரு வைக்கோலைப் போட வேண்டும் என்று சில வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, அவரவர் போட்டுவிட்டுப் போய்விடலாம். உங்கள் மகள் வயதுக்கு இது ரொம்பச் சரியாக இருக்கும், காரியம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அண்ணன் தட்டைக் கழுவி வைத்தால்கூடப் போடட்டும்.

துணி கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2023ல் கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் பக்கம் பெய்த மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. வெளியூர்களிலிருந்து மனசார எவ்வளவோ அனுப்பினார்கள், அந்த உதவியை நாங்கள் மறக்கமாட்டோம். ஆனால் சில மூட்டைகளைப் பிரித்தால் கிழிந்த சேலை, ஜிப் போன பேன்ட், ஒற்றைச் செருப்பு. எல்லாம் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷியிடம் அதை எப்படி நீட்டுவது? அலமாரியைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒழியுங்கள், ஆனால் துவைத்து இஸ்திரி போட்டு, தங்கை நாளைக்கே போட்டுக்கொள்வாள் என்கிற நிலையில் இருப்பதை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளே அதைப் பிரித்துப் பார்க்கட்டும்.

மழைத்துளி:

குழந்தைகள் இல்லம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பல வருஷமாக ஒரு இல்லத்துக்கு வார இறுதியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் கடைசியில் நீங்கள் கொண்டுபோகிற கேக் அன்றைக்கு அங்கே வருகிற பல கேக்குகளில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு கூட்டம் வந்து பாட்டுப் பாடச் சொல்லும், அது கிளம்புவதற்குள் அடுத்த கூட்டம் வரும், பிள்ளைகள் நாள் முழுக்க வரிசையில் நின்று நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பிப்ரவரியில் யாரும் வரமாட்டார்கள். அதனால் முதலில் போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். துவரம்பருப்பு, எண்ணெய், சோப்பு, டூத்பேஸ்ட், சானிட்டரி நாப்கின், கோடு போட்ட நோட்டு என்று கேட்பார்கள், கேக் என்று சொல்லமாட்டார்கள். கேட்டதைக் கேட்ட அளவில் கொடுத்துவிட்டு, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு நாள் அவர்களிடமே தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். இல்லத்தில் இருக்கிற பிள்ளையின் முகம், பெயர், படிக்கிற பள்ளி என்று அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015ல் 74ஆவது பிரிவே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் மகன் வகுப்பிலேயே அந்த இல்லத்துப் பையன் ஒருவன் படிக்கலாம், அவன் கேக் வாங்குகிற படத்தை வகுப்பு முழுக்கப் பார்த்தால் அவனுக்கு எப்படி இருக்கும்?

உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் விளையாடக் கூட்டிப்போங்கள். கேரம் போர்டு, ஷட்டில் பேட், ஒரு பந்து. கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்று இரண்டு பக்கமாக நிற்காமல் ஒரே டீமில் ஆடினால் பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழகிவிடுவார்கள்.

முதியோர் இல்லம் என்றால் டிசம்பரிலேயே போகலாம், அங்கே மனிதர்கள் வந்து உட்காருவதுதான் வேண்டும். போனில் பெரிய எழுத்து வைத்துக்கொடுக்க, பழைய கீர்த்தனைகளைத் தேடிப் போட்டுக்கொடுக்க, மகனுக்கு வீடியோ கால் போட்டுக்கொடுக்க உங்கள் 13 வயதுப் பையன் ஒருவன் போதும்.

நெல்லைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மழைத்துளி எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டினேன், உடனே அவரே இல்லத்துக்குப் போன் செய்துவிட்டார். குளிக்கிற சோப்பும் தேங்காய் எண்ணெயும் கேட்டார்கள், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விளையாட வரச் சொல்லியிருக்கிறார்கள். மூத்தவன் குடில் வேலையை எடுத்துக்கொண்டான். பெரியவர்கள் எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்களேன். அப்புறம் குடியிருப்பில் மற்றவர்களையும் சேர்த்துச் செய்கிற மாதிரி ஒன்று வேண்டும், கேரல் ரவுண்ட்ஸ் இங்கே சரிவருமா?

லேப்_அண்ணா:

ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன், பெரியவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று. இந்த மாதக் கடைசியில் கல்லூரிகளுக்கு லீவு விட்டுவிடுவதால் எங்களுக்கு முகாம்கள் குறைந்துவிடும், வழக்கமாகக் கொடுக்கிற பையன்களும் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆனால் விபத்தும் பிரசவமும் ஆபரேஷனும் லீவு எடுப்பதில்லை. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம், பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், முன்கூட்டி நிறைய எடுத்து வைக்க வழியில்லை. 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் வரலாம், மற்றதை டாக்டர் பார்த்துச் சொல்லுவார். ஆண்களுக்குப் போன முறை கொடுத்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், பெண்களுக்கு 120 நாள். வெறும் வயிற்றோடு வராதீர்கள். 20ஆம் தேதிக்கு மேல் வந்தால் எங்களுக்கு ரொம்ப உதவியாக இருக்கும். பையனையும் கூட்டிவாருங்கள், பக்கத்தில் நின்று பார்க்கட்டும், 18 வயதில் பயப்படமாட்டான்.

வார்டன்_அக்கா:

கேரல் தாராளமாகப் போகலாம், முன்னாலேயே குடியிருப்போர் சங்கத்தில் சொல்லி, வரச் சொல்கிற வீடுகளுக்கு மட்டும் போங்கள். கிட்டாரும் கைத்தட்டலும் போதும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி எப்படியும் கூடாது. அரைப் பரீட்சை நடக்கிற நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தனியாக இருக்கிற தாத்தா பாட்டி வீட்டுக்கு முதலில், ஏழு மணிக்குள் போய்விடுங்கள், கடைசியில் வைத்தால் அவர்கள் தூங்கிப்போயிருப்பார்கள், இல்லையென்றால் உங்களுக்காகக் கண் விழித்துக் காத்திருப்பார்கள்.

குடியிருப்புக்கு நான் சொல்வது கிறிஸ்மா கிறிஸ்சைல்டு. எங்கள் ஹாஸ்டலில் எல்லா மதத்துப் பெண்களும் விளையாடுவார்கள். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, யாருக்கு யார் என்று தெரியாமல் இரண்டு வாரம் கவனித்துக்கொள்ள வேண்டும், கடைசி நாளில்தான் சொல்லுவோம். பரிசை அந்தக் கடைசி நாளுக்கு மட்டும் வையுங்கள், 100 ரூபாய்க்குள். மற்ற நாட்களில் காசில்லாத காரியங்கள்தான், கதவில் ஒரு சீட்டு, செடிக்குத் தண்ணீர், ஷூவுக்குப் பாலிஷ், பால் பாக்கெட்டை எடுத்து வைப்பது, இப்படி. வாட்ச்மேன் அண்ணன், குப்பை எடுக்க வருகிற அக்கா, லிப்ட் பார்க்கிறவர் இவர்கள் பெயரையும் சீட்டில் எழுதுங்கள், ஆனால் அவர்களைச் சீட்டு எடுக்கச் சொல்லாதீர்கள், 100 ரூபாய் அவர்களுக்குப் பாரமாகிவிடும். அவர்கள் பெயர் வந்தவர் முதலில் அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற மாதிரி வாங்கட்டும். 10ஆம் தேதிக்குள் சீட்டு எடுத்துவிடுங்கள், 23ஆம் தேதி மாலை எல்லாரும் கூடுகிற மாதிரி வையுங்கள்.