குறைமாசப் பிள்ளைட கண்ணும் பரம்பரையும், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், நாங்க களுவாஞ்சிகுடிப் பக்கம். தங்கச்சிட மகள் 29 கிழமையில பிறந்தவ, நிறை 1.1 கிலோ, ஆர்ஓபி எண்ட, விழித்திரையில ரத்தக்குழாய் பிழையா வளர்ற குறைமாசப் பிள்ளைகள்ட கண்வருத்தம் வந்து, இப்ப ரெண்டு கண்ணுக்கும் லேசர் செஞ்சி முடிஞ்சிது. சொட்டுமருந்து விட்டு இமையக் கம்பியால விரிச்சி வெச்சித்தான் செக் பண்றாங்க, பாக்கவே ஏலா.

அதே வாட்டில அக்கரைப்பத்துப் பிள்ளை ஒண்டு, இவவ விட சின்னன், ஒக்சிஜனும் கூட நாள் குடுத்தது, ஆனா கண்ணுல ஒண்டுமில்ல. குறைமாசம், நிறைக்குறைவு, ஒக்சிஜன் இதெல்லாம்தான் முக்கிய காரணம் எண்டு டொக்டர் சொன்னார், ஆனா 2006ல வந்த இரட்டைப்பிள்ளைகள் ஆய்வு ஒண்டுல இந்த வருத்தம் வாறதுல பரம்பரைட பங்கு 70% அளவு எண்டு இரிக்கி. விழித்திரை ரத்தக்குழாய் வளர்றதுக்குத் தேவையான என்டிபி, எஃப்இசட்டி4, எல்ஆர்பி5 ஜீன்கள்ல கொஞ்சப் பிள்ளைகளுக்கு மாற்றம் கண்டிருக்காங்க, இதே ஜீன்கள்தான் நிறைமாசப் பிள்ளைக்கும் வாற எஃப்இவிஆர் எண்ட பரம்பரைக் கண்வருத்தத்துக்கும் காரணம், பாக்க ரெண்டும் ஒரேமாதிரி. மச்சான்ட பெரியப்பாக்கு சின்னதுலயே ஒரு கண் தெரியாது, அதான் யோசனை. மாமி கிரகணத்துல வெளிய போனதுதான் எண்டு நிக்கிறா, அவட்ட கதைச்சி வெல்லேலா.

இந்த ஜீன் டெஸ்ட் இலங்கையில எடுக்கலாமா, இல்லாட்டி ரத்தத்த இந்தியாவுக்கு அனுப்பணுமா, என்ன செலவு வரும்? தாய் தகப்பன்ட விழித்திரையையும் ஆராவது செக் பண்ணினீங்களா? அடுத்த பிள்ளைக்கு முதல் டொக்டர்ட்ட என்னென்ன கேக்கணும்? கைக்குழந்தையோட ராவு பஸ்ல கொழும்பு கண்ணாஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆக்களும் சொல்லுங்க, கிளினிக் அடுத்த மாசம்.