அமெரிக்க இரவு நேரப் பகிடி ஷோக்கள் ஒரு பக்கம் சாயுதா?

உப்புவெளியான்:
நான் திருகோணமலை உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸில வேலை. 2025 யூலையில ஒரு அமெரிக்கத் தம்பதி தங்கினவை. அங்க இரவு 11.35க்குப் போற ஷோ எங்களுக்குக் காலை 9.05. நான் இடியப்பமும் சொதியும் வைக்கேக்க அந்த அம்மா போனில, ட்ரம்பைப் பகிடி பண்ணுற ஷோக்காரர் ஸ்டீபன் கோல்பேரைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா. புருசன் ஒண்டும் சொல்லாம எழும்பிப்போய் வாசல் படியில இருந்திட்டார். தேத்தண்ணி குடுக்கேக்க சொன்னார்: "ட்ரம்பைப் பகிடி பண்ணட்டும். அவருக்கு வோட்டுப் போட்ட என்னையும் எல்லோ மடையன் எண்டினம்."
இது பக்கச்சார்பா, இல்லாட்டி ஆட்சியில இருக்கிறவைக்கு விழுற வழமையான அடியா?

உவர்மலை ரீச்சர்:
சார்பு இருக்குது தம்பி. பைடன் ஆண்ட காலத்திலயும் ட்ரம்ப் பகிடி ஓயேல்லையே. ஜோனி கார்சன் 1962 இலிருந்து 1992 வரை ஷோ நடத்தினவர், தான் எந்தக் கட்சி எண்டு காட்டிக்கொள்ளேல்ல. அப்ப மூண்டு பெரிய சனல்தான், ரெண்டு கட்சிக்காரரும் ஒரே பெட்டிக்கு முன்னால. இப்ப ஆளாளுக்கு ஒரு சனல். மற்றப் பக்கத்துக்கு, ட்ரம்ப் ஆக்கள் பாக்கிற ஃபொக்ஸ் சனலில கிரெக் கட்ஃபெல்ட் இருக்கிறார்.

மூதூர் ஜெட்டி:
சரி ரீச்சர், ஆனா அதுக்கு அரசாங்கம் மருந்து குடுக்கக் கூடாது. ட்ரம்ப் ஆதரவாளர் சார்லி கேர்க் கொலை பற்றி ஏபிசி சனல் இரவு ஷோவில ஜிம்மி கிம்மெல் கதைச்சதுக்கு, டிவி நிலையங்களுக்கு லைசன்ஸ் குடுக்கிற அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுத் தலைவர் பிரெண்டன் கார் வெருட்டினார். 2025 செப்டெம்பர் 17 அன்றே ஏபிசி ஷோவை நிப்பாட்டிச்சு. 23ஆந் திகதிதான் ஆள் திரும்பி வந்தார். சண்டைக் காலத்தில என்ட வாப்பா ரேடியோவைக் காதோட ஒட்டி வச்சுத்தான் செய்தி கேப்பார். எனக்கு அந்தப் பயம்தான் ஞாபகம் வந்திச்சு.

உப்புவெளியான்:
கிம்மெலை நிப்பாட்டினது பிழை, அதில எனக்கு ரெண்டு கதை இல்லை. ஆனா சின்னனில, அனுராதபுரச் சந்தியில ஒரு தேத்தண்ணிக் கடை. டிவியில ஒரு தமிழ் ஆள் சிங்களத்தைப் பிழையாக் கதைக்கிற பகிடி போச்சுது, கடையே சிரிச்சது. அப்பா பாதிக் கிளாஸை வச்சிட்டு என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு வெளியில வந்திட்டார். வீடு மட்டும் ஒண்டும் கதைக்கேல்ல. அந்த அமெரிக்கர் எழும்பினதும் அப்பிடித்தான். தலைவரை அடிக்கிற பகிடியும் சனத்தை அடிக்கிற பகிடியும் வேற வேற, ரீச்சர்.
அடுத்த நாள் காலமை நான் கேக்காமலே அவற்ற சாப்பாட்டைப் படிக்குக் கொண்டுபோய்க் குடுத்தன்.