வரப்புத் தகராறில் தண்டனை, இப்போது நில வழக்கு: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டான்:
2021-இல் பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்பில் கைகலப்பு. மண்வெட்டிக் காம்பு, ரத்தக்காயம், எஃப்.ஐ.ஆர். போன மாதம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தம்பிக்குத் தீர்ப்பு வந்தது. 324-ஆம் பிரிவுக்கு (ஆயுதத்தால் காயப்படுத்தியது) 1 வருடம், 506(2)-க்கு (கொலை மிரட்டல்) 6 மாதம், அபராதம் தனி. அம்மா ஒன்றரை வருடம் என்று கூட்டிப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டார். 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அப்படியென்றால் மொத்தமே 1 வருடம்தான், ரிமாண்டில் இருந்த நாட்களும் அதில் கழியும். அபராதம் கட்டாமல் விட்டால் வரும் சிறை மட்டும் இதில் அடங்காது, மேலே ஏறும். அதனால் அதை அன்றே கட்டிவிட்டோம்.

உள்ளே போகவேண்டி வரவில்லை. தண்டனை 3 வருடத்துக்கு மேற்படாமல், ஆளும் ஜாமீனில் இருந்து, அப்பீல் போகப்போகிறேன் என்றால் தண்டனை கொடுத்த கோர்ட்டே நிறுத்திவைக்கலாம். தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள் அப்பீல் போட்டாயிற்று.

ஆனால் வரப்பு பிரச்சினை அப்படியே இருக்கிறது. சிவில் கேஸ் போடவேண்டும். அதையும் நானே பார்க்கிறேன் என்கிறார் கிரிமினல் வக்கீல். கொடுக்கலாமா?

அரூர்வாசி:
வக்கீல் விஷயம் அப்புறம். தம்பி மேல் இதற்கு முன் கேஸ் இல்லையென்றால், 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தில் விடச்சொல்லி அப்பீலில் கேட்டீர்களா? சிறைக்குப் பதில், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு விடுவார்கள். கீழ்க்கோர்ட்டில் கேட்காமல் விட்டிருந்தாலும் மேல்கோர்ட்டில் கேட்கலாம். என் மச்சினனுக்குக் கிடைத்தது. 2024 ஜூலை 1-இல் புதுச் சட்டம் வந்துவிட்டதே, சமூக சேவை தண்டனை கேட்கலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 சம்பவத்துக்குப் பழைய ஐ.பி.சி.தான்.

அப்பீல் போட்டுவிட்டு மறந்துவிடவும் வேண்டாம். எங்கள் பக்கத்து வாச்சாத்தியில் 1992-இல் ஊர் மக்கள் மேல் நடந்த வன்கொடுமைக்கு தர்மபுரி கோர்ட் தீர்ப்பு 2011-இல், ஹைகோர்ட் அதை உறுதிசெய்தது 2023-இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். வாய்தா தேதியை நீங்களே குறித்து வையுங்கள்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு:
நில கேஸை வேறு ஆளிடம் கொடுங்கள். கிரிமினல் கோர்ட் தம்பி அடித்தாரா என்று பார்த்தது, வரப்பு யாருடையது என்று முடிவு செய்யவில்லை. அதைச் சிவில் கோர்ட்தான் சொல்லவேண்டும், அது முழுக்கக் காகித வேலை.

நான் மூன்று வக்கீல்களைப் பார்த்தேன். முதல் ஆள் என் பையைத் திறக்கவே விடவில்லை. "ஸ்டே வாங்கிடலாம் சார், அட்வான்ஸ் கொடுங்க" என்றார். இரண்டாவது ஆள் ஃபீஸ் வேண்டாம், ஜெயித்தால் தோப்பில் 5 சென்ட் எழுதிக்கொடுங்கள் என்றார். பெருந்தன்மை என்று நினைத்து வீட்டுக்காரி சந்தோஷப்பட்டாள்! வழக்குச் சொத்தில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. மூன்றாவதாக ஒரு வயதானவர். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (ஊர் நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் கொண்டுவாருங்கள், பிறகு கேஸ் உண்டா என்று சொல்கிறேன் என்றார். நான் பட்டாவை நீட்டினேன். "பட்டா இருந்தா மட்டும் நிலம் உங்களுதாகிடாதுப்பா" என்று ஓரமாக வைத்துவிட்டார். கடைசியில் அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். சமயத்தில் எங்கள் சர்வே எண்ணின் உட்பிரிவை மாற்றிப் பதிந்திருந்தது தெரிந்தது. தாத்தா வாங்கிய பத்திரத்தில் நான்கெல்லை சரியாகத்தான் இருந்தது.

அவர் செய்த முதல் வேலை அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்த்துவர கோர்ட் அனுப்பும் வக்கீல்) கேட்டு மனு. தாலுகா சர்வேயரோடு கமிஷனர் வந்து அளந்து, வரைபடத்தோடு கோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்தார். பக்கத்துக்காரர் சத்தம் அதோடு பாதி அடங்கியது. உங்கள் வரப்புக்கும் இதுதான் முக்கியம் அண்ணா. ஃபீஸைக் கட்டம் கட்டமாகப் பேசி, கொடுத்ததற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். அசல் பத்திரத்தைக் கையை விட்டு அனுப்பாதீர்கள், நகல் போதும்.

ஊத்தங்கரை மருமகள்:
பணம் இல்லாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அப்பா வழிப் பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டேன். "1989-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது" என்றார் அண்ணன். வெளியே ஒரு வக்கீலும் அதையே சொன்னார். அது பழைய தமிழ்நாட்டுச் சட்டத்தோடு போயிற்று. 2005 மத்திய இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. அந்த வருடம் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதும் இல்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் கஷ்டம், எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. கிருஷ்ணகிரி கோர்ட்டில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கொடுத்தார்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானமே பார்ப்பதில்லை. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

பென்னாகரம் பஸ்:
எனக்கென்னவோ ஒரே வக்கீலே நல்லது என்று தோன்றுகிறது. சிவில் கேஸில் எழுதுவது கிரிமினல் அப்பீலுக்கு இடிக்கக்கூடாது பாருங்கள்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு:
அதுவும் சரிதான். இரண்டு பேர் வைத்தாலும், பிராது தாக்கலாகும் முன் அப்பீல் பார்க்கிறவரிடம் ஒரு நகல் காட்டச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:
நன்றி எல்லாருக்கும். அப்பீல் இவரிடமே இருக்கட்டும். புலப்படத்துக்கு நாளை தாலுகா ஆபீஸ் போகிறேன். அம்மா பெயரில்தான் நிலம், அதனால் ஆணைக்குழுவிலும் கேட்டுப் பார்க்கிறேன்.