மறு: வேஸ்ட்கேட் – ‘கழிவு வாயில்’ வேண்டாம், ‘கலிங்கு’ என்போம்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

குன்னூரிலிருந்து வணக்கம். நம் குழு தொகுக்கும் டர்போ பாகங்களின் தமிழ்ச் சொற்பட்டியலில், மிகைப் புகையை விலக்கிவிடும் வேஸ்ட்கேட் (wastegate) என்ற பாகத்துக்கு ‘கழிவு வாயில்’ என்று முடிவு செய்துவிடலாம் எனப் பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். ஒரு வாரம் பொறுக்க வேண்டுகிறேன். அந்தச் சொல்லை நான் பட்டறையில் புழங்கிப் பார்த்துவிட்டேன். அது ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது.

1990களின் இறுதியில் வந்த டர்போ டீசல் வண்டி ஒன்றை மூன்று ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சீரமைத்து வருகிறேன். உதிரிபாகங்கள் பாதிக்குமேல் இப்போது கிடைப்பதில்லை. கிடைக்காததைக் கடைந்தும் பற்றவைத்தும் நாங்களே செய்துகொள்கிறோம். பட்டறையில் வேலை பழகும் தம்பி தமிழ் வழியில் படித்து ஐ.டி.ஐ. முடித்தவர். அவருக்காக அன்றன்றைய வேலைத்தாளைத் தமிழில் எழுதிவைப்பேன். ‘கழிவு வாயிலின் மடல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும்’ என்று ஒருநாள் எழுதிவைத்துவிட்டுக் கடைவீதிக்குப் போனேன். திரும்பி வந்தால், அவர் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, சைலன்சர் குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்மீது பிழையே இல்லை. கழிவு வெளியேறும் வாயில் அதுதானே?

வண்டி வேலை அறியாத நண்பர்களுக்காக அந்தப் பாகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டர்போவில், எஞ்சினிலிருந்து வரும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசல் எரியும்; எரிந்தால் புகை கூடும்; புகை கூடினால் சக்கரம் இன்னும் விரைவாகச் சுழலும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய சக்கரம் அது. அதை அப்படியே விட்டால் எதையாவது உடைத்துவிட்டுத்தான் நிற்கும். ஆகவே புகை சக்கரத்தை எட்டுவதற்கு முன்பே பாதையில் ஒரு துளையும், அதன்மேல் நாணயம் அளவில் மூடித் தகடு போன்ற ஒரு மடலும் வைத்திருக்கிறார்கள்; இதுதான் வேஸ்ட்கேட். அமுக்கிய காற்றின் அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும், ஒரு டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு ஸ்பிரிங்கை எதிர்த்து நகர்ந்து, கம்பியைத் தள்ளி, மடலைத் திறக்கிறது. மிகுதியான புகை சக்கரத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஓட்டுநர் கை வைக்கும் வேலையே இல்லை. அளவு மிஞ்சினால் தானே திறக்கும், தணிந்தால் தானே மூடும்.

இதில் ‘கழிவு’ என்பது எதைக் குறிக்கிறது? சக்கரத்தைச் சுழற்றும் புகையும் கழிவுதான், சுற்றிக்கொண்டு போகும் புகையும் கழிவுதான். இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் அது. அதோடு, டர்போவே கழிவென்று விட்டதை வேலை வாங்கப் பிறந்த கருவி. 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் பியூஹி, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் பிறந்தவர். நம் நீலகிரி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் அதே வின்டர்தூரில் செய்யப்பட்டவை. கல்லாறுக்கு மேல் ஏறும்போது, உயர் அழுத்த உருளைகளில் வேலை முடித்து வெளியேறும் ஆவியை அந்த எஞ்சின் காற்றில் விட்டுவிடுவதில்லை; தாழ் அழுத்த உருளைகளுக்கு அனுப்பி, பல்தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பற்சக்கரத்தை அதைக்கொண்டே சுழற்றுகிறது. பணிமனை வாசலில் அந்த எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெளியேறுவதெல்லாம் கழிவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரியான சொல் எனக்கு ஒரு விபத்தின் விளிம்பில் கிடைத்தது.

மடலைத் தாங்கும் தண்டு ஆடி ஆடி, அதன் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. மடல் தன் இருக்கையில் பொருந்தி உட்காரவில்லை. மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் புகை கசிந்ததால் ஏற்றத்தில் இழுவை இல்லை; பின்னால் வருபவர் முகம் சுளிக்கும் அளவுக்குக் கரும்புகை. துளைக்கு 9 மி.மீ. ரீமர் போட்டுச் சீராக்கி, துருப்பிடிக்காத எஃகில் புதுத் தண்டு கடைந்தோம். இடைவெளி 0.02 மி.மீ. போதும், அப்போதுதான் கசியாது என்று நான்தான் சொன்னேன். லேத் அண்ணன் தயங்கினார், ஆனாலும் கடைந்து கொடுத்தார். கையால் திருப்பியபோது தண்டு வழுவழுவென்று சுழன்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது, பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் மிதித்தேன். அமுக்கிய காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மானியில் 0.8 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) நிற்க வேண்டிய முள் நிற்கவில்லை. 1.0 கடந்தது. 1.3ஐத் தொட்டபோது காலை எடுத்துவிட்டேன். அதற்குமேல் மிதிக்கத் துணிவில்லாமல், முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து குன்னூர் வந்து சேர்ந்தேன்.

காரணம் எளிது. தண்டைத் தாங்கும் டர்போவின் வீடு, அதாவது வெளிக்கூடு, வார்ப்பிரும்பு; தண்டு துருப்பிடிக்காத எஃகு. ஒரே சூட்டில் எஃகு அதிகம் விரியும். 9 மி.மீ. தண்டுக்கும் அதன் துளைக்கும் 600 டிகிரி ஏற்றத்தில் வரும் வித்தியாசம் ஏறத்தாழ 0.03 மி.மீ. நான் விட்ட இடைவெளியோ 0.02. மூடிய நிலையிலேயே தண்டு இறுகி, துளையின் சுவரைக் கீறி, அங்கேயே பிடித்துக்கொண்டுவிட்டது.

லேத் அண்ணன் சிவகங்கைப் பக்கத்துக்காரர். கண்மாய்க் கரையில் பிறந்து, பிழைப்புக்கு மலையேறி வந்தவர். கழற்றி வைத்த பாகத்தின் மடலை இடுக்கியால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. நிமிர்ந்து, “கலுங்கு அடைத்துக்கொண்டது. கரை உடையாமல் வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிது” என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த சொல் அது.

ஏரியில் நீர் முழுக்கொள்ளளவை எட்டியதும், கரையை மீறி வழிந்து கரையை அரித்துவிடாதபடி, மிகுந்த நீரைத் தானே வெளியேற்றும் அமைப்புக்குக் கலிங்கு என்று பெயர்; அண்ணன் ஊர்ப் பேச்சில் கலுங்கு. நீலகிரியில் கண்மாய்ப் பாசனம் இல்லை. நான் கேட்டு வளர்ந்த சொல் அல்ல. ஆனால் சமவெளியில் ஏரி உள்ள ஊரெல்லாம் அறிந்த சொல். கலிங்கில் வழியும் நீரை எந்த உழவரும் கழிவுநீர் என்று சொல்லமாட்டார். அது அடுத்த ஏரிக்குப் போகிறது. ஆங்கிலச் சொல்லே நீர்வேலையிலிருந்து வந்ததுதான்: நீர்விசையால் ஓடும் ஆலைகளின் கால்வாய்களில் மிகை நீரை விடும் கதவுக்கு அந்தப் பெயர் இருந்தது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி, சென்னை மாகாணத்தில் பாசன வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் தம் அறிக்கைகளில் ‘கலிங்குலா’ என்று நம் சொல்லையே எடுத்து எழுதினார்கள் என்பது. தம் மொழியில் இதே பொருளுக்குச் சொல் இருந்தும் நம்மிடம் கடன் வாங்கினார்கள். நாமோ அவர்களுடைய சொல்லை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்துச் சைலன்சர் குழாயில் போய் நிற்கிறோம்.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. ‘கொண்டை ஊசி வளைவு’ மொழிபெயர்ப்புதான். ஆனால் கொண்டை ஊசி நம் வீட்டிலும் இருக்கிறது, சாலையும் அப்படியே வளைகிறது. பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. ‘கழிவு வாயில்’ அப்படிப் புரியவில்லை.

இனி, கலிங்கு இந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஆழமாகப் பொருந்துகிறது என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். பல பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். கோடை வரும் முன் அந்தக் கற்களுக்கிடையே பலகை செருகியோ புல்கரணை அடைத்தோ நீர்மட்டத்தை ஓரிரு அடி உயர்த்திக்கொள்வது வழக்கம். மழைக்காலத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். மறந்தால் ஐப்பசி அடைமழையில் கரை போகும்.

டர்போ வண்டிக்காரர்கள் செய்வதும் இதேதான். மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 0.97 பார். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் 0.77தான். சவ்வு டப்பா வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. ஆகவே இரண்டு ஊரிலும் முள் 0.8இல் நிற்கும். ஆனால் எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் கீழே 1.77, மேலே 1.57. உதகைக்காரருக்கு வண்டி சோர்ந்தாற்போல் தெரியும். உடனே கம்பியின் மரையைத் திருகி நீளத்தைக் குறைத்து, கலிங்கு 1.0இல் திறக்கும்படி செய்துவிடுவார். மேலே மொத்தம் பழையபடி 1.77 ஆகிவிட்டது, சரி. ஆனால் அதற்காகச் சக்கரம், தான் இழுத்த காற்றைக் கீழே 1.8 மடங்கு அமுக்கினால் போதும் என்றிருக்க, மேலே 2.3 மடங்கு அமுக்க வேண்டியிருக்கிறது. வேகம் ஏறும், காற்றின் சூடும் ஏறும். அதே திருகலோடு கல்லட்டி இறக்கத்தின் 36 வளைவுகளையும் கடந்து மசினகுடிக்கும் அப்பாலும் போனால், அடர்ந்த காற்றில் மொத்த அழுத்தம் எஞ்சின் கேட்காத அளவுக்கு ஏறிவிடும். எஞ்சின் தலைக்கடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போவது அங்கேதான். பலகையை எடுக்க மறந்த கண்மாய்! இந்த விளக்கத்தைக் ‘கழிவு வாயில்’ என்ற சொல்லை வைத்து என்னால் தம்பிக்குச் சொல்லியிருக்க முடியாது. கலிங்கை வைத்துத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன்.

வந்திருக்கும் மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

‘மதகு’ பலருக்கும் தெரிந்த சொல் என்பது உண்மை. ஆனால் மதகு வயலுக்கு நீர் தர மனிதர் திறப்பது, தேவைக்குத் திறப்பது. நாம் பேசுவது மிகைக்குத் தானே திறப்பது. கலிங்கில் கதவு இல்லையே, இங்கே மடல் இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. செயலை வைத்துப் பெயரிடுகிறோம், உருவை வைத்து அல்ல என்பதே என் பதில்.

குந்தாவில் மின்வாரியப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ‘உபரிப்போக்கி’ என்று எழுதியிருந்தார். பொருள் பிழையில்லை. ஆனால் ‘உபரிப்போக்கியின் மடலின் தண்டின் இடைவெளி’ என்று தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள் ஐயா, மூச்சு வாங்கும். நீங்கள் எழுப்பிய இன்னொரு செய்தி, பெட்ரோல் டர்போவில் மிதியைச் சட்டென்று விட்டதும் காற்றுப் பக்கத்தில் திறக்கும் வால்வு பற்றியது. அது வேறு பாகம், வேறு பக்கம். அதைக் கலிங்கு என்று சொல்லிக் குழப்பக் கூடாது. நீர்மின் நிலையத்துக்கு நீர் இறக்கும் பென்ஸ்டாக் குழாயில் நீர் திடீரென நிற்கும்போது எழும் அதிர்வையும் அதைத் தணிக்கும் சர்ஜ் டேங்க் தொட்டியையும் பற்றி நீங்கள் தனிக் கடிதமாக எழுதினால், அந்த வால்வுக்கான சொல் அங்கிருந்து கிடைக்கக்கூடும்.

திருநெல்வேலி அக்காவின் ‘மறுகால்’ என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அழகான சொல். குளம் பெருகி மறுகால் பாய்கிறது என்னும்போது எனக்குக் கேட்பது பாயும் நீரும் அது ஓடும் வழியும். ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: மடலும் துளையும் சேர்ந்த அமைப்பு கலிங்கு, திறந்தபின் புகை சக்கரத்தைச் சுற்றிப் போகும் பாதை மறுகால்.

வேஸ்ட்கேட் என்றே எழுதினால் என்ன என்று கேட்கும் இளைய நண்பருக்கு: பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன், சொல்வேன். உதிரிபாகக் கடையில் வேறெப்படிக் கேட்பது? ஆனால் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில், தானாகவே பாதியை விளக்கிவிடும் சொல் ஒன்று மாணவனுக்குக் கிடைக்க வேண்டும். டர்போ என்ற சொல்லை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது பஸ் போல நம்முடையதாகிவிட்டது.

கலிங்கு மேலும் சொற்களை ஈனும் சொல். டர்போ வீட்டுக்குள்ளேயே இருந்தால் அகக்கலிங்கு, தனியாக வெளியே பொருத்தினால் புறக்கலிங்கு. மடல் திறக்கத் தொடங்கும் அழுத்தம் கலிங்கழுத்தம். கலிங்குத் தண்டு, கலிங்கு இருக்கை. இவற்றையெல்லாம் ஒரு வாரமாக வேலைத்தாளில் எழுதி வருகிறேன். ‘சைக்கிள் பம்ப்பால் காற்றடித்துக் கலிங்கழுத்தத்தைக் குறிக்கவும்’ என்று எழுதினேன்; தம்பி பம்ப்பையும் அழுத்தமானியையும் எடுத்துக்கொண்டு நேராக டப்பாவிடம் போனார். 0.7இல் கம்பி அசைந்ததாகச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்.

புதிய தண்டுக்கு இம்முறை 0.1 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறோம். மடலையும் இருக்கையையும் வால்வு தேய்க்கும் பசை வைத்து, சாம்பல் நிற வளையம் முழுச்சுற்றும் தெரியும்வரை கையாலேயே தேய்த்தோம்.

பட்டியலில் சேர்க்க என் வரைவு இது:

கலிங்கு: டர்போவில், ஊட்டும் காற்றின் அழுத்தம் குறித்த அளவை மிஞ்சும்போது, புகையின் ஒரு பகுதியைச் சுழல்சக்கரத்தைத் தொடாமல் மறுகால் வழியே விடும் தன்னியக்க மடலமைப்பு.

எழுத்து வடிவத்தில்தான் எனக்கு ஐயம் மீந்திருக்கிறது. சிவகங்கையில் கலுங்கு, வடமாவட்டங்களில் கலங்கல், அகராதியில் கலிங்கு, கலிங்கல். புணர்ச்சிக்குக் கலிங்கு எளிது என்று நினைக்கிறேன். ஏரி உள்ள ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான சுவர்ப்படத்தை அச்சுக்குக் கொடுக்கிறோம். அதற்குள் வடிவம் முடிவாகிவிட்டால் நல்லது.

அன்புடன்,
குன்னூரிலிருந்து